கத்தியின் கழுத்தில் அடித்த வருஷம்

என் வீட்டுக்காரர் பெயர் சம்பந்தம். எதையும் பார்க்காமல் வாங்க மாட்டார். கேட்கிறவர்கள் நல்ல குணம்தானே என்பார்கள். கூட இருந்து குடித்தனம் பண்ணிப் பார்த்தால் தெரியும். ஆம்பூர் மார்க்கெட்டில் கால் கிலோ கத்திரிக்காய்க்கு ஒவ்வொரு காயையும் காம்பைத் தூக்கிப் பார்ப்பார். "இன்னா சார், ஜாதகம் பாக்கறியா?" என்று காய்க்காரி கேட்பாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நாலு கடை தள்ளி நிற்பேன். இந்த மனுஷன் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. அன்றைக்குச் சரியாகப் பார்த்திருந்தால் என் வாயின் நீளம் தெரிந்து தப்பித்திருப்பார்.

ஷூவுக்கு மேல்தோல் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்றில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. அவர் கட்டிங், நான் தையல் மிஷின். காலையில் போனால் சாயங்காலம் வரை அவர் கையில் தோலும் கத்தியும்தான். வீட்டுக்கு வந்தாலாவது ஒருவருக்குக் கத்தியை மறக்கத் தோன்ற வேண்டாமா? இவருக்கோ மடக்குக் கத்திப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்குவார். வாணியம்பாடிச் சந்தையில் பழைய இரும்பைப் பரப்பி வைத்திருக்கிற சாக்குக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்வார். "மத்தவன் சீட்டாடறான், குடிக்கறான். அதுக்கு இது தேவல" என்று என் அம்மா மருமகனுக்குப் பரிந்து பேசுவாள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆள் இல்லை.

ஒரு மடக்குக் கத்தி எந்தக் காலத்தது என்று பார்க்க அவரிடம் ஒரு முறை உண்டு. முதலில் அலகைப் பார்க்க மாட்டார். "அலகு பொய் சொல்லும். தேஞ்சிதுன்னா வேற அலகு மாட்டிடுவான்" என்பார். காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து மூடுவார். நல்ல பழைய கத்தி 'டக்' என்று ஒரே சத்தத்தில் மூட வேண்டுமாம். அது உள்ளே இருக்கிற வில்லின் சத்தம். அப்புறம் பிடி. கொம்பா, எலும்பா, மரமா, அச்சில் வார்த்ததா என்று நகத்தால் தட்டுவார். பிடியில் அடித்த ஆணிகள் எல்லாம் ஒரே நிறமா என்று பார்ப்பார். ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் நடுவில் எவனோ பிரித்திருக்கிறான். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பூதக்கண்ணாடி சட்டைப்பையிலிருந்து வெளியே வரும். அலகு பிடிக்குள் நுழைகிற இடத்துக்குக் கழுத்து என்று பெயர். கத்தி செய்தவன் முத்திரையும், சில கத்திகளில் வருஷமும் அந்தக் கழுத்தில்தான் அடித்திருக்கும். "கழுத்துதான் உண்மையைப் பேசும்" என்பார். எனக்குத் தெரிந்து அது அவரைத் தவிர வேறு யாரிடமும் பேசியதில்லை.

இத்தனை பார்த்தும் ஒரு தடவை ஏமாந்தார். வெள்ளைக்காரன் காலத்துக் கத்தி என்று ஒருவன் தலையில் கட்டினான். துரு அப்படி அடர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து எண்ணெய் விட்டுத் தேய்த்தால் உள்ளே கத்தி புத்தம் புதுசு. எங்கள் பக்கத்தில் இந்த வேலை ரொம்பச் சுலபம். தோல் மண்டியில் பச்சைத்தோலிலிருந்து உதறிய உப்பு குவிந்து கிடக்கும். அதில் ஒரு மழைக்காலம் புதைத்து வைத்தால் போதும், போன மாசம் கடையில் வாங்கின கத்திக்குப் பாட்டன் காலத்துத் துரு வந்துவிடும். காயலான் கடை சத்தார் பாய் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்: கழுத்தைப் படிக்காமல் வாங்குவதில்லை. வாங்கிவிட்டுப் பார்ப்பது கிடையாது, பார்த்துவிட்டுத்தான் வாங்குவது. இந்தச் சட்டம்தான் எங்கள் தலையில் கல்லைப் போட்டது.

அதைச் சொல்ல வேண்டுமானால் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் செங்கல்வராயன். வேலூர்ப் பக்கத்து ஊர்களில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனார்கள், அவரும் போனார். நாற்பதாம் வருஷம் என் அம்மா கண்ணம்மாளைக் கட்டிக்கொண்டார். நான் மடிக்குழந்தையாக இருந்தபோது ஒரே ஒரு தடவை லீவில் வந்தார். இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி தொங்கிக்கொண்டிருந்ததாம். கட்டம் போட்ட கறுப்புப் பிடி, முதுகில் மடக்கி வைத்த தடித்த ஊசி, நுனியில் ஒரு வளையம். அதில் அம்மாவுக்குக் கரும்பு சீவிக் கொடுத்தாராம். கழுத்தில் அடித்திருந்த எண்ணைக் காட்டி, "பாரு கண்ணம்மா, நம்ம கல்யாண வருஷத்த கவர்மென்ட்டே அடிச்சிக் குடுத்திருக்கான்" என்று சொன்னாராம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கதையை அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

லீவு முடிந்து பர்மாப் பக்கம் போனவரைக் காணவில்லை என்று தகவல் வந்தது. காணவில்லை என்றால் என்ன அர்த்தம்? செத்துவிட்டார் என்றால் அழுது தீர்க்கலாம். இருக்கிறார் என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். அம்மாவுக்கு இரண்டும் இல்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டு வரும்போது சிலர் அவளுக்குக் கொடுப்பார்கள். சிலர் பார்க்காத மாதிரி தாண்டிப் போவார்கள். அந்தத் தட்டைப் பிடுங்கி விட்டெறியலாமா என்று எனக்கு வரும். அம்மா பந்திக்கு எழுந்து போவாள். அப்பாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. செத்த நாள் தெரியாததால் திதியும் கிடையாது. எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆறுதல்: அவர் வர முடியாமல்தான் வரவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், சத்தார் பாய் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். திருப்பத்தூரில் ராஜகோபால் என்கிற தோல் மண்டிக்காரர் வீட்டில் பழைய இரும்பு எடுக்கப் போய்வந்திருந்தார்.

"தோஸ்த், அங்க ஒரு கத்தி பாத்தேன். கறுப்புப் பிடி, கட்டம் போட்டது. பின்னாடி ஊசி, வளையம். உங்க அத்தை சொல்லுவாங்களே, அச்சு அசல் அதேதான். பரண்ல கிடந்துச்சாம். எடைக்குப் போட வந்தாங்க. இத மட்டும் யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"யாருதாம்?" என்று கேட்டார் இவர்.

"அங்கதான் விஷயமே. சண்டை முடிஞ்சி வந்த ஆளாம். ராஜகோபாலோட அப்பா காலத்துல மண்டிக்குக் காவல் இருந்திருக்காரு. பட்டாளத்தாருன்னு கூப்பிடுவாங்களாம், பேரு யாருக்கும் தெரியல. ஊரு கேட்டா சொல்லவே மாட்டாராம். சில வருஷம் இருந்துட்டு அங்கயே போய்ச் சேந்துட்டாரு."

எனக்குக் கையில் இருந்த டீ டம்ளர் சுட்டதுகூடத் தெரியவில்லை. திருப்பத்தூர் என்ன, சீமையா? ஆம்பூரில் பஸ் ஏறினால் ஒரு சினிமா பார்க்கிற நேரம் ஆகாது. அந்தப் பட்டாளத்தார் என் அப்பா என்றால், நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் அங்கே உயிரோடு இருந்திருக்கிறார். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் யாருடைய மண்டிக்கோ காவல் இருந்திருக்கிறார். வர முடியாதவர் வேறு, வராதவர் வேறு. அந்தக் கத்தியின் கழுத்தில் நாற்பது என்று இருந்தால் அவர் வராதவர். வேறு எந்த எண் இருந்தாலும் அது எவனோ, நமக்கென்ன. வேறு எண்ணாக இருக்கட்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இவர் போய்வந்தார். எங்கள் வீட்டில் ரகசியம் பேச அடுப்படி ஒன்றுதான் இடம். புகையைச் சாக்காக வைத்து அம்மாவை வாசலுக்கு அனுப்பிவிட்டு, "இன்னா ஆச்சு, சொல்லுங்க" என்றேன்.

"கத்தி அசல். உப்புல போட்டது இல்ல. கறுந்துரு, கெட்டியா இருக்கு. வில்லு சத்தம் சரியா வருது. ஆணி எல்லாம் ஒரே நிறம். கழுத்துல காக்கா கால் மாதிரி அம்புக்குறி இருக்கு. கவர்மென்ட் கத்திதான், சந்தேகமே இல்ல."

"வருஷம்?"

"ஒண்ணு, ஒம்போது, நாலு வரைக்கும் தெரியுது."

"அப்புறம்?"

"கடைசி எண்ணு மேல துரு மொத்தையா உக்காந்திருக்கு. வளைவு மட்டும் தெரியுது. பூஜ்யமா இருக்கலாம். ரெண்டா இருக்கலாம். மூணாவும் இருக்கலாம்."

"ஒரு ஊசிய வெச்சிச் சொரண்டிப் பாக்கறதுதானே!"

"சொரண்டினா துருவோட எண்ணும் சேந்து வந்துடும். மண்ணெண்ணெயில ஊறணும். ஒரு கிண்ணத்துல ஊற வெச்சிட்டு, யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழம போயி பாக்கறேன்."

"கையோட வாங்கிட்டு வந்து நம்ம வீட்டுல ஊற வெச்சா ஊறாதா? நம்ம வீட்டு மண்ணெண்ணெயி இன்னா தண்ணியா?"

"படிக்காம எப்படி வாங்கறது?"

கரண்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அவர் அதைக் குனிந்து எடுத்து, வளைந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "அத்தை கண்ணுல பட்டா அவங்க நாப்பதுன்னு முடிவு பண்ணிடுவாங்க. ஊறினப்பறம் நாப்பத்திரண்டுன்னு தெரிஞ்சா அவங்க கையிலருந்து மறுபடி புடுங்க முடியுமா, நீயே சொல்லு."

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால் கோபம் இரண்டு மடங்கு ஆனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போக முடியவில்லை. கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம் என்று ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். "இன்னும் ஒரு வாரம் ஊறட்டும், நல்லதுதான்" என்று இவர் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். பொறுத்தார் பூமி ஆள்வாராம்! அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. கட்டிங் செக்‌ஷனில் கத்திகளையெல்லாம் தேய்த்துக் கழுவி, வாழையிலையில் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நானும் என் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஊர் முழுக்க இரும்பு பளபளக்கிற நாள் அது. எங்கள் இரண்டு பேருக்கும் திருப்பத்தூர் ஞாபகம் துளியும் வரவில்லை.

பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். இவரை நம்பி இனி ஒரு காரியமும் இல்லை என்று முடிவு செய்திருந்தேன். ராஜகோபாலுக்கு என்னைவிட வயது குறைவு, மரியாதையான மனுஷன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி மனோரமா மோர் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு உள்ளே போய் ஒரு தாம்பாளத்தை எடுத்து வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பூ. நடுவில் அந்தக் கத்தி. அலகு, ஊசி, வளையம், கழுத்து, எல்லாம் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னின. அலகில் மூன்று சந்தனப் பொட்டு.

இவர் எழுந்தே விட்டார்.

"எப்படிக்கா இருக்கு?" என்று மனோரமா என்னைக் கேட்டாள். "நீங்க தேடி வந்த சாமான். அத போயி துருவோட, மண்ணெண்ணெ நாத்தத்தோட பூஜையில வெக்க மனசு வரல. இவரு கிட்ட குடுத்து டேனரியில எமரி வீல்ல போட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். சந்து பொந்து விடாம தேய்ச்சிக் குடுத்துட்டான் அங்க இருக்கற பையன்."

ராஜகோபாலுக்குத்தான் ஏதோ உறைத்தது. "அண்ணா தொடாதீங்கன்னு சொன்னாரு. பூஜையாச்சே, துரு புடிச்ச ஆயுதத்த வெக்கக் கூடாதேன்னு..." என்று இழுத்தார்.

என் வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கத்தியோடு வெயிலுக்குப் போனார். சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். அம்புக்குறியில் ஒரு கால் மிச்சம் இருந்தது. ஒன்று இருந்தது. ஒன்பதின் வால் இருந்தது. அதற்கு அப்புறம் வருஷம் இருக்க வேண்டிய இடத்தில் இவர் மூக்குதான் தெரிந்தது.

நான் யாரைத் திட்டுவது? அந்தப் பெண்ணையா? ஆயுத பூஜைக்கு எந்த வீட்டில் இரும்பைத் துருவோடு வைப்பார்கள்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இன்னும் கொஞ்சம் புளி போட்டே தேய்த்திருப்பேன். அதை நினைக்க நினைக்கத்தான் வயிறு எரிந்தது.

ராஜகோபாலிடம் ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். "உயரம்னு ஞாபகம்கா. ஆனா எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும், எல்லாருமே உயரம்தான்" என்றார். தாடி இருந்ததாம். பேச்சு கம்மியாம். அந்தக் கத்தியால் ராஜகோபாலுக்குக் கரும்பு சீவிக் கொடுப்பாராம். நான் சட்டென்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "கரும்பு எல்லாரும்தான் சீவுவாங்க" என்று முணுமுணுத்தார். அப்புறம் கத்தியைத் தாம்பாளத்தில் திருப்பி வைத்துவிட்டு, "வேணாங்க. இதுல இனிமே படிக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் செருப்பைத் தேடினார். மனோரமாவின் முகம் சுண்டிப்போனது. தான் செய்த தப்பு என்ன என்று அவளுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

பஸ்ஸில் பிடித்துக்கொண்டேன். "யோவ், நீ மனுஷனா? அன்னிக்கே வாங்கியிருந்தா இன்னிக்கு எண்ணு இருந்திருக்கும். எண்ணு போனப்பறமாவது வாங்கியிருந்தா கத்தியாவது இருந்திருக்கும். ரெண்டும் இல்லாம வெறுங்கைய வீசிக்கிட்டு வர்றியே!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றான். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வருஷம் இல்லாத கத்திய இன்னான்னு சொல்லி அத்தை கிட்ட குடுக்கறது?" என்றார். குரல் உடைந்திருந்தது. நான் அப்போதும் விடவில்லை. வாணியம்பாடி வரை திட்டினேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள், "கழுத்துல எண்ணு இருந்துதா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தக் கழுத்து? இன்னாம்மா சொல்ற?"

"அடுப்பங்கரையில நீ கரண்டிய அடிச்சது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சி. எனக்குக் கேக்காதா?" என்றாள். "எண்ணு இருந்துதா, இல்லியா?"

இவர்தான் சொன்னார். பூஜை, எமரி வீல், எல்லாம். தலை குனிந்துகொண்டு சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டாள். "நாளைக்கு என்னக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான். கம்பெனிக்கு லீவு சொன்னோம்.

மறுநாள் எங்களை மறுபடியும் பார்த்ததும் மனோரமா பயந்தே போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கத்தி இருந்த பக்கம் அம்மாவின் பார்வையே போகவில்லை. ராஜகோபாலைப் பார்த்து, "தம்பி, அவரு ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

ராஜகோபால் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "சாப்பிடுவாரும்மா. எங்கம்மா மூணு வேளையும் குடுத்தனுப்பும். நான்தான் எடுத்துட்டுப் போவேன். மோர்ச் சோறுன்னா இஷ்டம்."

"ஒடம்புக்கு முடியாம கெடந்தப்ப யாரு பாத்தா?"

"எங்கம்மாவும் அப்பாவும்தான். சில நாளு தூக்கத்துல கத்துவாரு. எங்கம்மா போயி தண்ணி குடுக்கும்."

"இன்னான்னு கத்துவாரு?" என்று நான் குறுக்கே விழுந்தேன். கண்ணம்மா என்று கத்தினார் என்று சொல்லிவிடேன் தம்பி என்றிருந்தது. சொல்லவே கூடாது என்றும் இருந்தது.

"புரியாதுக்கா. பாஷையே இருக்காது, சத்தம்தான்."

"பொண்டாட்டி புள்ள இருக்காங்கன்னு எப்பவாச்சும்...?"

"எங்கம்மா ஒரு தரம் கேட்டுச்சாம். சிரிச்சாராம்."

இப்படி ஒரு பதில்! சிரிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு அந்தச் செத்த மனுஷன்மேல், அவர் யாராக இருந்தாலும் சரி, கோபம் கோபமாக வந்தது. ஒரு பேர் சொல்லக் கூடாதா? ஊர் பேராவது சொல்லிவிட்டுச் சாகக் கூடாதா?

அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். "கொள்ளி வெச்சது யாருப்பா?" என்று கேட்டாள்.

"எங்கப்பாதாம்மா."

"என்னிக்குப் போனாரு?"

"எந்த வருஷம்னு எனக்கு..." என்று ராஜகோபால் யோசித்தார். என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"வருஷம் எதுக்குப்பா? மாசமும் நாளும் தெரிஞ்சா போதும்."

"அது நல்லா ஞாபகம் இருக்கும்மா. தீபாவளிக்கு மறுநாளு. மிச்சம் வெச்சிருந்த பட்டாச வெடிக்கக் கூடாதுன்னு எங்கப்பா புடுங்கி வெச்சிட்டாரு. நான் அழுதேன். பட்டாசுக்குத்தான் அழுதேன்" என்றார். முப்பது வயது தாண்டிய மனுஷன், கண் கலங்கிவிட்டது.

"தீபாவளிக்கு மறுநாளுன்னா ஐப்பசி அமாவாசை" என்றாள் அம்மா. அதையே இன்னொரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து பாதி எடுத்த பூதக்கண்ணாடியை உள்ளே தள்ளினார். எத்தனை கத்திகளின் கழுத்தில் வருஷம் தேடியவர். திதிக்கு வருஷம் வேண்டாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் செத்த நாளைக் கேட்கத் தோன்றவில்லை.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். மனோரமா அதைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். ராஜகோபால் வேண்டாம் என்று பதறினார். "இரும்ப சும்மா வாங்கக் கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டு அம்மா கத்தியை எடுத்துக்கொண்டாள். திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் பார்க்காமல் வாங்கிய ஒரே சாமான் அதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. தெருவில் இறங்கியதுமே, "அம்மா, அது அப்பாவான்னே தெரியாதே. நாப்பதா இல்லியான்னு யாருக்குமே தெரியாதே" என்றேன்.

"அவருன்னா சோறு போட்டவங்களுக்கு நன்றி சொல்லியாச்சு" என்றாள். "அவரு இல்லன்னா, எவ புருஷனோ. அவளும் எங்கயோ நாள் தெரியாமதான் உக்காந்திருப்பா. அவளுக்குப் பதிலா நான் வெச்சிக் கும்புடறேன். இதுல உனக்கு இன்னாடி நட்டம்?"

எனக்கு நட்டம்தான். என் அப்பா வர முடியாதவரா வராதவரா என்கிற கேள்வி அப்படியே நிற்கிறது. இன்றைக்கும் நிற்கிறது. எமரி வீல் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் அம்மா தலை முழுகிவிட்டு வந்து இலை போட்டாள். வடை, பாயசம், ஒரு கிண்ணம் மோர்ச் சோறு. இலைக்குப் பக்கத்தில் அந்தக் கத்தி. எங்கிருந்தோ இவர் ஒரு துண்டுக் கரும்பு கொண்டு வந்திருந்தார். கேட்காமலேயே கத்தியைத் திறந்தார். 'டக்' என்று சத்தம் வந்தது. கணு கணுவாகச் சீவி இலையில் வைத்தார். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. கற்பூரம் ஏற்ற வந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் எப்போதும்போலக் காலணா அளவு குங்குமம். கழுத்தில் தாலி.

அழுதுகொண்டே கத்தினேன். "இன்னாம்மா இது? திதியும் குடுத்துட்டு பொட்டும் வெச்சிக்கிட்டு நின்னா ஊரு சிரிக்காதா? ஒண்ணு அது, இல்லன்னா இது!"

அம்மா கற்பூரத்தைக் காட்டி முடித்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"திதி அந்தக் கத்திக்காரருக்கு. பொட்டு உங்கப்பாவுக்கு. ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா, அத அவரு வந்து எங்கிட்ட சொல்லட்டும். நீ போயி காக்காவுக்குச் சோறு வெய்யி."

நான் சோற்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.